சொன்னதைவிட உசத்தியாக

என் மகளுக்குக் காது குத்திய நாளின் இரவு, விருந்தினர் அனைவரும் கிளம்பிய பின், சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் இரண்டு அறை வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, நானும் என் கணவரும் பரிசுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மொத்தம் 52 பொட்டலங்கள். அவற்றில் 19 கவுன்கள்; அந்த 19இல் 11 கவுன்கள் அவளுக்கு அன்றைக்கே சிறியவை. பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மைக் கைபேசிகள் மூன்று, சாவி கொடுத்தால் கைதட்டும் குரங்கு ஒன்று, அவளைவிட உயரமான கரடி ஒன்று, பவுடரும் சோப்பும் எண்ணெயும் அடங்கிய பெட்டிகள் ஆறு. நாங்கள் கேட்டிருந்த ஐந்து பொருள்களில் ஒன்றே ஒன்று வந்திருந்தது. அது ஒரு துணிப் புத்தகம்.

ஐந்து பொருள்கள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றை நாங்கள் விளையாட்டாகக் கேட்கவில்லை. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, குழந்தைக்கு என்ன வாங்கலாம் என்று உறவினர் சிலர் தாங்களாகவே கேட்டார்கள். வீடு சிறியது, நானும் வேலைக்குச் செல்பவள், அவளுக்கு அப்போது 10 மாதம். இவற்றையெல்லாம் யோசித்து, குடும்பத்தின் வாட்ஸாப் குழுவில் அடக்கமாக எழுதினேன். கைவைத்த, கைவைக்காத பருத்திச் சட்டைகள், ஒன்றரை வயதுக்குப் பொருந்தும் அளவில். பெரிய மரக்கட்டைகள். துணியிலோ தடித்த அட்டையிலோ செய்த படப் புத்தகங்கள். தச்சரிடம் சொல்லிச் செய்த மர நடைவண்டி. தமிழில் பெரிய எழுத்தும் படமும் உள்ள கதைப் புத்தகங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா போன்ற பதிப்பகங்களின் பெயர்களைக்கூடக் குறிப்பிட்டிருந்தேன். "வந்து ஆசீர்வதித்தாலே போதும், ஏதாவது வாங்க நினைப்பவர்களுக்கு மட்டும் இது" என்று முடித்திருந்தேன்.

குழுவில் கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வந்தன. மறுநாள் காலையில் என் மாமியார் என்னைத் தனியாக அழைத்து, கோபம் சிறிதும் இல்லாத குரலில், "கேட்டு வாங்கறது நம்ம வழக்கமில்லையே கண்ணு. நாலு பேர் என்ன நெனைப்பாங்க?" என்றார். அத்தை சொன்னதை அன்று நான் பழைய காலத்துப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டேன். இப்போது, அவளுக்கு இரண்டே கால் வயது தாண்டிய நிலையில், அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

கேட்பது என்ற சொல்லுக்கு நம்மிடையே இருக்கும் கனம் சாதாரணமானது அல்ல. கடன் கேட்பார்கள், பெண் கேட்பார்கள், நியாயம் கேட்பார்கள். பரிசை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் அது பரிசாக இருக்காது என்பது நம் எண்ணம். ஆனால் இதே வீடுகளில் கல்யாணச் சீர் பேசும்போது எவர்சில்வர் குடம் எத்தனை, குத்துவிளக்கு எவ்வளவு உயரம், பீரோவுக்குக் கண்ணாடி உள்ளேயா வெளியேயா என்பது வரை கூச்சமில்லாமல் எழுதி வாங்குகிறோம். காதுகுத்துக்குத் தாய்மாமன் எத்தனை தட்டு கொண்டுவந்தார் என்பதை எண்ணிச் சொல்வதற்கென்றே பந்தலில் சிலர் இருப்பார்கள். ஆகவே பட்டியல் போடுவது நமக்குப் புதியதல்ல. பெரியவர்களின் கௌரவத்துக்காகப் போடும் பட்டியல் முறை ஆகிவிடுகிறது. குழந்தையின் தேவைக்காகப் போடும் பட்டியல் வாய்விட்டுக் கேட்டதாகிவிடுகிறது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழாவில் வரும் எதுவும் குழந்தைக்கு மட்டும் வருவதில்லை. பந்தலின் வாசலில் மேசை போட்டு, மொய் நோட்டில் பெயரும் ஊரும் தொகையும் எழுதுகிறோம். நாளை அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். பொருளாகத் தருபவர்களின் மனத்திலும் அந்தக் கணக்கு ஓடும். ஆயிரம் ரூபாய் திருப்பிச் செய்ய வேண்டிய இடத்தில், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு படப் புத்தகத்தை எப்படிச் சபையில் நீட்டுவது? நான் கேட்டவை மலிவானவை என்பதால் அவர்களுக்குச் சுலபமாக இருக்கும் என்று எண்ணினேன். மலிவாக இருந்ததுதான் தடை.

அந்தத் துணிப் புத்தகம் வந்த கதையே இதற்குச் சான்று. ஏற்காட்டில் இருக்கும் என் சித்தியின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். குழுவில் நான் எழுதியதைப் படித்துவிட்டு, தன் கைச்செலவுப் பணத்தில் அதை வாங்கியிருக்கிறாள். விழா அன்று காலையில் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் இறங்கி வந்த சித்தி, மகளின் கையில் இருந்த மெல்லிய பொட்டலத்தைப் பார்த்து மனம் கேட்காமல், தானே பின்னிய ஒரு கம்பளிச் சட்டையையும் குல்லாயையும் அதோடு சேர்த்துக் கட்டிவிட்டார். வைகாசி மாதம். சேலத்தில் அன்று மின்விசிறிக் காற்றே சூடாக வீசியது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், மாலையானால் மூடுபனி இறங்கும் ஊரில் இருப்பவருக்குக் குழந்தை என்றதும் முதலில் தோன்றுவது குளிர்தான். மார்கழியில் நாங்கள் மலைக்குப் போனபோது ஏரிக்கரையில் அவள் அந்தச் சட்டையைத்தான் அணிந்திருந்தாள், கை மட்டும் சற்று ஏறியிருந்தது. துணிப் புத்தகம் இன்றைக்கும் அவள் தலையணைக்கு அருகில் இருக்கிறது. யானையின் காதைக் கடித்துக் கடித்து நூல் பிரிந்து, இரண்டு முறை தைத்தாகிவிட்டது.

பட்டியலை யாரும் பார்க்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். அது தவறு. பலர் பார்த்திருந்தார்கள், பார்த்துவிட்டு, சொன்னதைவிட உசத்தியாகச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்திருந்தார்கள். என் அண்ணன் அப்படித்தான். நான் மர நடைவண்டி கேட்டிருந்தேன். மூன்று சக்கரமும் குறுக்குக் கட்டையும் கொண்டது. குழந்தை தானாக எழுந்து நின்று, அதைப் பிடித்துக்கொண்டு, தன் காலின் பலத்தில் தள்ளிக்கொண்டு போவது. அண்ணன் கொண்டுவந்தது வட்டமான பிளாஸ்டிக் வாக்கர்: நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் சக்கரங்கள், முன்னால் விளக்கும் பாட்டும். "நீ கேட்டது மரத்துல, பழைய மாடல்மா. இதுவும் நடைவண்டிதான். மூவாயிரம் ரூபாய்" என்று பெருமையோடு கொடுத்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்தினோம். அந்த மடியின் சூடு ஆறுவதற்குள் நான் எதையும் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. அந்த இரண்டு வண்டிகளும் ஒன்றல்ல. உட்கார்ந்தபடி கால் விரல்களால் தரையை உந்தும் குழந்தைக்கு, நிற்கவும் சமன் செய்யவும் உடம்பு கற்றுக்கொள்வது தாமதமாகிறது என்பதே குழந்தை மருத்துவர்கள் சொல்வது. அதைவிடப் பெரிய கவலை வேகம். நாம் அடுப்பிலிருந்து திரும்புவதற்குள் அது அறையைக் கடந்துவிடும். படியில் உருளும், மேசை விரிப்பை இழுக்கும், சூடான பாத்திரத்தை எட்டும். இந்தக் காரணங்களுக்காகவே கனடாவில் 2004ஆம் ஆண்டில் இந்த வகை வாக்கர்களின் விற்பனையையே தடை செய்தார்கள். எங்கள் வீட்டு வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன. மறுநாள் அண்ணனைக் கைபேசியில் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். சொன்ன விதத்தில் பொறுமை குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொன்ன விஷயத்தில் இன்றும் எனக்கு மாற்றமில்லை. அவன் மூன்று வாரம் பேசவில்லை. பிறகு கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தச்சரிடம் 900 ரூபாய்க்கு மர நடைவண்டி ஒன்றை நாங்களே செய்து வாங்கினோம். அடுத்த முறை வந்தபோது அவள் அதைத் தள்ளிக்கொண்டு கூடத்தைக் கடப்பதை அண்ணன் வெகுநேரம் பார்த்தான். சுவரில் முட்டி நின்ற ஒவ்வொரு முறையும் எழுந்து போய் வண்டியைத் திருப்பிவிட்டான்.

பொம்மைக் கைபேசிகளை நாங்கள் அன்றிரவே திருப்புளியை வைத்துத் திறந்து பார்த்தோம். மூன்றில் இரண்டின் பேட்டரி மூடிக்குத் திருகாணியே இல்லை. நகத்தால் நெம்பினால் திறந்துகொண்டது. உள்ளே சட்டைப் பொத்தான் போன்ற வட்ட பேட்டரிகள். அத்தகைய பேட்டரி ஒன்று குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே ஆழமான புண்ணை உண்டாக்கிவிடும். வாங்கித் தந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்த முத்திரை அட்டையில் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம், குக்கரும் இஸ்திரிப் பெட்டியும் வாங்கும்போது நமக்கு இருக்கிற அளவுக்குப் பொம்மையில் இல்லை. பொம்மைதானே என்கிறோம். அதை வாயில் வைக்கப் போகிறவள் ஒரு கைக்குழந்தை என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே இந்த ஒரு விஷயத்தில் நான் யாருடைய மனவருத்தத்துக்கும் இடம் தருவதில்லை. ஆபத்தான பொருளை அன்பாகக் கொடுத்தாலும் மறுத்துவிடுகிறேன். உட்கார வைத்துக் காட்டுவதற்குக் கைக்கணினி வாங்கித் தருகிறேன் என்று சொன்ன உறவினரிடமும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில்கூட நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருப்பதைக் காட்டி மறுத்தேன். தேனைத் தொட்டு நாக்கில் வைக்க வந்த பாட்டியின் கையையும் பிடித்துக்கொண்டேன். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. இவை தவிர மற்றவற்றில், கவுன்களிலும் கரடியிலும், நான் மெல்ல மெல்லக் கோபத்தை விட்டுவிட்டேன். அதற்கு அத்தையே காரணம்.

அந்த 19 கவுன்களில் நான்கு அத்தை வாங்கியவை. வலைத்துணி அடுக்கடுக்காக நிற்கும், இடுப்பில் ஜிகினா குத்தும், கழுத்தில் அரிப்பு வரும். பருத்தி என்று நான் மூன்று முறை சொல்லியிருந்தேன். ஒரு மதியம் அவற்றைப் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை அருகில் உட்கார்ந்து ஒரு கவுனின் மடிப்பை விரலால் நீவியபடி பேசினார். அவர் பிறந்தது அம்மாப்பேட்டையில் ஒரு தறி வீட்டில். அவருடைய அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தவர். புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலம் வெண்பட்டுதான். பெண் குழந்தைகள் தார் சுற்றித் தருவார்கள், அதாவது நெசவுக்கான நூலைச் சிறு குழல்களில் சுற்றித் தருவார்கள். "பட்டு நூல் எங்க விரல்ல தெனமும் ஓடும் கண்ணு. எங்களுக்கு வருசத்துக்கு ரெண்டு பாவாடை, அதுவும் சீட்டித் துணி. கடைவீதியில கண்ணாடிக்கு உள்ள இந்த மாதிரி கவுன் தொங்கும். அது முன்னாடி நின்னு பாத்துட்டு வருவோம்." இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த நான்கு கவுன்களும் ஒரு வகையில் என் மகளுக்கு வாங்கியவை அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவற்றில் மஞ்சள் கவுனை அடுத்த வெள்ளிக்கிழமை, உள்ளே பழைய பருத்திப் பனியன் போட்டு, கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போகும் நேரத்துக்கு மட்டும் அணிவித்தேன். அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு கோயிலை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றினார்.

இனி கொலுசைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் மாமனார் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. 40 ஆண்டுகளுக்கு மேல் வெள்ளிக் கம்பியோடும் ஊதுகுழலோடும் இருந்தவர். கண் மங்கிய பிறகுதான் நிறுத்தினார். பேத்திக்கு மட்டும் தானே செய்ய வேண்டும் என்று, பழைய கருவிகளை எடுத்துத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் மட்டும் உட்கார்ந்து, பதினைந்து நாள் செய்தார். கொலுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேலத்தில் கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுப் பேத்தியின் காலில் கொலுசு இல்லாமல் இருக்குமா? முத்து மட்டும் வைக்க வேண்டாம் மாமா என்று கேட்டுக்கொண்டேன். சலங்கை போல ஒலிக்கும் அந்தச் சிறு மணிகளைத்தான் நாங்கள் முத்து என்போம். அவர் தலையசைத்தார். காதுகுத்து அன்று அவர் போட்டுவிட்ட கொலுசில் காலுக்கு ஒன்பதாக 18 முத்துகள் இருந்தன.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "முத்து இல்லாம என்ன கொலுசும்மா? நீ அடுப்படியில இருப்பே. புள்ள எந்தப் பக்கம் போவுதுன்னு சத்தம்தானே சொல்லும்?" அதில் நியாயம் இருந்தது. அவள் தவழும்போது அந்தச் சத்தத்தை வைத்தே நான் சமையலறையிலிருந்து அவள் இருக்கும் இடத்தை அறிந்தேன். கட்டிலுக்கு அடியில் என்றால் ஒரு விதமாகவும், கதவுக்குப் பின்னால் என்றால் வேறு விதமாகவும் ஒலிக்கும்.

அவளுக்கு 13 மாதமான ஒரு மாலையில் சத்தம் நின்றுவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவரோரம் உட்கார்ந்து, எதையோ நாக்கால் புரட்டிக்கொண்டிருந்தாள். விரலை விட்டு எடுத்தேன். மிளகைவிடச் சற்றுப் பெரிய ஒரு முத்து. அதன் வளையம் ஒரு பக்கம் பிளந்து, விளிம்பு கத்தி போல் இருந்தது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் பொம்மையைச் சோதிப்பதற்கு ஒரு சிறு உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தத் துண்டும் அவ்வயதுக் குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடியதாகக் கருதப்படும். என் உள்ளங்கையில் இருந்தது அந்த உருளைக்குள் பல முத்துகளாகக் கொட்டி நிரப்பக்கூடிய அளவு.

அன்றிரவே கொலுசைக் கழற்றிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். போனதும் எதையும் சொல்ல வரவில்லை. கொலுசையும் உதிர்ந்த முத்தையும் அவர் முன் வைத்தேன். எங்கே கிடந்தது என்று கேட்டார். வாயில் என்றேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளக்கடியில் கொலுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்து தொங்கும் பக்கம் முழுவதும், வளையங்களின் ஒரு புறம் மட்டும் தேய்ந்து தட்டையாகியிருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் இரண்டு மாதமாக எங்கள் வீட்டுத் தரையில் அந்தக் கால்களை இழுத்து இழுத்துத் தவழ்ந்திருக்கிறாள். தரையே அரம் போல வேலை செய்திருக்கிறது. நெடுநேரத்துக்குப் பிறகு, "நடக்கற காலுக்குத்தாம்மா நான் இத்தனை வருசமும் கணக்குப் போட்டேன்" என்றார்.

பிறகு பெட்டியைத் திறந்து, சிறிய வெட்டுக்கத்தரியை எடுத்து, மீதி 17 முத்துகளையும் ஒவ்வொன்றாகத் தானே வெட்டினார். வெட்டிய இடங்களை அரத்தால் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். அவர் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, முதலிலேயே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டுமே என்றும், சொல்லியிருந்தாலும் அந்த வளையம் தேய்வதைக் கண்ணால் பார்க்காமல் அவர் நம்பியிருக்க மாட்டார் என்றும் மாறி மாறித் தோன்றியது. முத்தில்லாத கொலுசை அவளுக்குப் போட்டுவிட்டார். அவள் காலை உதறினாள். சத்தம் வரவில்லை. மறுபடி உதறிவிட்டுத் தாத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

18 முத்துகளையும் ஒரு காகிதத்தில் மடித்து, மேலே அவளுடைய மூன்றாம் பிறந்தநாளின் தேதியை எழுதி மாமா என்னிடம் கொடுத்தார். அன்றைக்குக் கொண்டு வா, கெட்டியான வளையத்தில் பற்றவைத்துத் தருகிறேன் என்றார். பொட்டலம் எங்கள் பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது. கண் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர், போன மாதம் செய்துகொண்டார். நேற்று அவளைத் தூக்கிக்கொண்டு போயிருந்தபோதும், காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டார். எட்டு என்றேன்.